கஞ்சிக் கிடாரத்தின் அருகே

உத்தியோகத்தினின்றும் ஓய்வு பெற்று, மகனுடைய வீட்டோடு வசிப்பதற்காகப் புத்தளத்துக்கு வந்து சேர்ந்த அன்பர் ஒருவர் முன்னொரு நாள் நம்மிடம் குறைப்பட்டுக்கொண்டார். ‘‘மாஸ்டர், அறுபத்து மூன்று வயதிலே புதிதாகச் சிநேகிதம் பிடிக்க முடியுமா? பின்னேரமானால் கதைக்க ஒருவருமில்லை. வாசலில் இருந்து உப்புக் காற்றை வாங்கிக்கொண்டிருக்கிறேன்’’ என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார்; ஆயினும் அவர் முகத்தில் வேடிக்கை இல்லை. உடனே விடை கூற நமக்கு இயலவில்லை. நினைவுக்கு வந்தது ஒரு கஞ்சிக் கிடாரம்.

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தின் பிற்பகுதியில், வட மாகாணத்து முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் அவர்தம் ஊர்களினின்றும் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தவருக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டே மணி நேரம். ஏறத்தாழ 75,000 பேர் வீடும் கடையும் வயலும் இழந்தனர். அவருட் பெரும்பாலோர் அடைக்கலம் புகுந்தது நமது புத்தளம் மாவட்டத்திலேதான். மன்னார்ப் பகுதியினர் பலர் வள்ளமேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் நிரம்பின. ஊரவர் சோறு சமைத்துக் கொடுத்தனர். தென்னந்தோட்டங்களிலே கிடுகுக் குடிசைகள் எழுந்தன. அக்காலம் நாம் சிலாபத்திலே பள்ளிச் சிறுவர். பெரியவர்கள் தாழ்ந்த குரலிற் கதைத்துக்கொண்டது நினைவிருக்கிறது. நம் மொழியையே பேசும் மக்களை, நம் பெயரைச் சொல்லித் துரத்தினார்கள் என்பதன் பொருளை உணர நமக்குப் பல ஆண்டுகள் சென்றன.

வந்தோரை வரவேற்ற நேசம் என்றும் ஒரே அளவில் நின்றது என்று நாம் சொல்ல மாட்டோம். வெங்காயத் தோட்டத்துக் கூலி, கிணற்று நீர், பாடசாலை இடம், அரசாங்க வேலை ஆகிய ஒவ்வொன்றிலும் பங்கு கேட்க ஆட்கள் பெருகினால் மனக்கசப்பும் வரத்தானே செய்யும்? ‘அகதி’ என்ற சொல் நெடுங்காலம் பலருடைய பெயருக்கு முன்னே ஒட்டிக்கொண்டு நின்றது.

அப்படி வந்தவருள் ஒருவர் யாழ்ப்பாணத்துத் தையற்காரர். வரும்போது வயது ஐம்பத்திரண்டு. தையல் இயந்திரம் யாழ்ப்பாணத்தில் நின்றுவிட்டது. அதனோடு தம் கைகளும் நின்றுவிட்டதாக அவர் கூறுவார். மறு ஆண்டு நோன்பு மாதத்தில், பள்ளிவாசலுக்குக் கஞ்சி வாங்கச் சென்று வரிசையில் நின்றார். கிடாரத்தைக் கிண்டிக்கொண்டிருந்த உள்ளூர்த் தேங்காய் வியாபாரிக்குக் கை ஓய்ந்துபோயிற்று. ‘‘நானா, கொஞ்சம் பிடியுங்கள்’’ என்று அகப்பையை இவரிடம் நீட்டினார். ‘‘முதல் நாள் கஞ்சி வாங்கப் போனேன், அடுத்த நாள் கஞ்சி கொடுக்கிற ஆளாகிவிட்டேன்’’ என்று அவர் நமக்குச் சொன்னபோது, அகவை எழுபதைத் தொட்டிருந்தார்.

இவ்விடத்தில் நம் கருத்தைச் சொல்லிவிடுகிறோம். ஈபவனுக்கும் இரப்பவனுக்கும் இடையே நன்றி பிறக்கலாம், பாசமும் பிறக்கலாம். சிநேகம் பிறப்பது அரிது. ஒரே அடுப்புப் புகையில் இருவரும் கண் கசக்கும்போது, எவன் ஊரான், எவன் வந்தவன் என்பது சற்றே மறந்துபோகிறது. அவ்விருவரும் ஆண்டுதோறும் சண்டையிட்டார்கள்: வெந்தயம் எவ்வளவு போடுவது என்று! யாழ்ப்பாணத்தார் கைக்கு அளவு கூட. புத்தளத்தார் கைக்குக் குறைவு.

நாம் அங்கே முதன்முதற் சென்றது நம் மாணவன் ஒருவனுடைய தந்தையார் அழைத்ததனால். பெரியவர் ‘‘மாஸ்டருக்கு எந்த ஊர்?’’ என்று வினவினார். தந்தைவழியில் நமக்கும் யாழ்ப்பாணமே. சொல்லத் தயங்கினோம், சொன்னோம். அவர் முகம் மலர்ந்து, நாவாந்துறைச் சந்தையையும், சோனகத் தெருவில் இருந்த தம் வீட்டின் மாமரத்தையும் பற்றி ஒரு மணி நேரம் கதைத்தார். நாம் அஞ்சியிருந்த கேள்வியை அன்றும் கேட்கவில்லை, பின்னரும் கேட்கவில்லை. அகப்பையை மாத்திரம் நம் கையிற் கொடுத்தார்.

2009இல் யுத்தம் முடிந்தபின் அவர் யாழ்ப்பாணம் சென்று வீட்டைப் பார்த்து வந்தார். கூரையில்லை. மாமரம் நின்றது. ‘‘அங்கே போய் யாரோடு சண்டை பிடிப்பது?’’ என்று கேட்டுவிட்டுப் புத்தளத்திலேயே தங்கிவிட்டார். இன்று அவர் இல்லை. தேங்காய் வியாபாரியும் இப்பொழுது கிண்டுவதில்லை. நாற்காலியில் அமர்ந்து இளைஞரை ஏவுகிறார். வெந்தயத்துக்கு அவர் காட்டும் அளவு யாழ்ப்பாணத்து அளவு.

சென்ற நோன்பு மாதத்திலே நம் அன்பரை அங்கே அழைத்துச் சென்றோம். முப்பது ஆண்டு கணக்குப் பகுதியில் இருந்தவர் என்று அறிந்ததும், வியாபாரி அரிசிக் கணக்குக் கொப்பியை எடுத்து அவர் மடியில் வைத்தார். மறுநாட் காலை தொலைபேசியில் அன்பர் குரல் சற்றுக் கண்டிப்பாகவே ஒலித்தது: ‘‘மாஸ்டர், கணக்கில் இரண்டு கிலோ உதைக்கிறது. இன்றைக்கு நான் வேளைக்கே போக வேண்டும். எனக்காகக் காத்திருக்க வேண்டாம்.’’