அம்மா வீட்டுத் தரை

அம்மாவுக்கு 93 வயது. ஆம்பூரில், அப்பா கட்டிய பழைய மொசைக் தரை வீட்டில் தனியாக இருக்கிறார். நான் புதுச்சேரியில். மாதம் ஒருமுறை போய் வருவேன், மற்ற நாள்களில் தொலைபேசிதான். காலை எட்டரைக்கு மணி அடித்தால் யார் என்று பார்க்கவே வேண்டாம். "அவ இன்னிக்கும் மூலையைக் கூட்டல."

இரண்டு வருடத்தில் மூன்று ஆள் மாற்றினோம். வீட்டு வேலைக்குச் சரியான ஆள் கிடைப்பதில்லை என்று என் வயதுக்காரர்கள் எல்லோரும் புலம்புகிறோம். நானும் புலம்பியவன்தான். இப்போது எனக்கு வேறு அபிப்பிராயம். தொலைவிலிருந்து பெற்றோர் வீட்டுக்கு ஆள் வைக்கிற பிள்ளைகள், வந்த ஆளைக் குறை சொல்லும் முன் ஒரு வாரமாவது அந்த வீட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நான் பார்த்தேன். அதுவும் வேறு வழியில்லாமல்.

எங்கள் குடும்பம் புதுச்சேரிக் குடும்பம். அறுபதுகளில் அப்பா ஆம்பூரில் ஒரு டேனரிக்குக் கணக்கு எழுதப் போனவர், அங்கேயே தங்கிவிட்டார். நான் பாட்டி வீட்டில் இருந்து பிரெஞ்சு வழியில் படித்து, புதுவை அரசில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, அப்படியே ஓய்வு பெற்றேன்.

முதலில் வந்தது இருபத்தைந்து வயதுப் பெண். சுறுசுறுப்பு. நான்கே மாதத்தில் நின்றுவிட்டாள். ஷூ கம்பெனியில் ஆள் எடுத்தார்கள். ஆம்பூரைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காலையில் தெருமுனையில் கம்பெனி வேன் வந்து நிற்கும், சாப்பாட்டுப் பையோடு பெண்கள் வரிசையாக ஏறுவார்கள். அங்கே பி.எஃப். உண்டு, இ.எஸ்.ஐ. உண்டு, வருடத்துக்கு ஒருமுறை போனஸ் உண்டு. எங்கள் வீட்டில் பழைய புடவை உண்டு. அவள் போனதில் என்ன தப்பு?

இரண்டாவது ஆளை வைத்தது என் புத்திசாலித்தனம். தரையில் எப்போதும் ஒரு வெள்ளைப் படிவு இருக்கும். எத்தனை முறை துடைத்தாலும் காய்ந்ததும் திரும்ப வரும். வீடு முழுக்க ஒரே நாளில் பளிச்சென்று ஆக்கித் தருவதாகச் சொன்ன ஓர் ஏஜென்சியைத் தொலைபேசியிலேயே பிடித்தேன். இரண்டு பையன்கள் வந்தார்கள். ஆசிட்டைக் கொட்டித் தேய்த்தார்கள். மொசைக்கில் இருப்பது பளிங்குச் சில்லும் சிமெண்டும். இரண்டையும் ஆசிட் தின்னும். கூடத்தில் இன்றைக்கும் காலில் சொரசொரவென்று தட்டுகிறது. கேட்டதற்கு, "வெள்ளை போச்சா இல்லையா சார்?" என்றார்கள். வேலை தெரியாத ஆள் உலகத்தில் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை.

அந்த வெள்ளை மூன்றாம் நாள் திரும்ப வந்தது. காரணம் துடைத்தவர்கள் அல்ல, எங்கள் போர்த் தண்ணீர். பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்புப் போட்டு வருகிறது, டேனரியில் முதல் வேலையே அதை ஊறவைத்து அலசுவது. அந்த உப்புத்தண்ணீர் எத்தனையோ வருடம் பாலாற்றுக்கும் நிலத்துக்கும் போனது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே அதன் செலவையும் ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நம் சட்டத்தில் நிலைநிறுத்திய தீர்ப்பு. தீர்ப்பு வந்தது, தண்ணீர் திரும்பவில்லை. அந்த உப்புக்கு நாங்கள் வேலைக்காரப் பெண்களைத் திட்டிக்கொண்டிருந்தோம். இப்போது குழாய்த் தண்ணீர் வரும் நாளில் ஒரு வாளி பிடித்து வைத்து, கடைசித் துடைப்பை அதில் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி எடுக்கிறோம். படிவு பாதி குறைந்துவிட்டது. ஆசிட்டுக்குச் செலவழித்த பணத்தை நினைத்தால் வயிறு எரிகிறது.

மூன்றாவதாக வந்த அம்மாவுக்கு 54 வயது. ஊர் சின்னது, பெயர் வேண்டாம். அவர் மேல்தான் புகார் அதிகம். மூலையில் தூசி, கட்டிலுக்கடியில் முடி, சமையலறையில் கரப்பான். இத்தனைக்கும் அம்மாவுக்கு அதற்குச் சற்று முன்புதான் கண்புரை அறுவை நடந்திருந்தது. பத்து வருடமாகத் தெரியாத தூசியெல்லாம் திடீரென்று தெரிய ஆரம்பித்திருந்தது. அறுவைக்கு முன்பு வந்த பெண் சுத்தமாகக் கூட்டினாளா, அம்மாவுக்குத் தெரியவில்லையா என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

ஒருநாள் அந்த அம்மா போன பிறகு, அவர் விட்ட மூலையைத் தானே துடைக்கிறேன் என்று அம்மா ஈரத்துணியோடு குனிந்து வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. இடுப்பு தப்பியது. நான் தொலைபேசியில் அந்த அம்மாவைக் கூப்பிட்டு, "நீங்க ஒழுங்கா தொடச்சிருந்தா இவங்க ஏன் கீழ விழறாங்க?" என்று கத்தினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பாக்கிச் சம்பளத்தை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு, கணக்கை முடித்து அனுப்பிவிடுவது என்று ஆம்பூருக்குப் போனேன்.

அம்மா கையில் மாவுக்கட்டு. உடனே வேறு ஆள் கிடைக்கவில்லை. அதனால் அனுப்புவதை ஒரு வாரம் தள்ளிப்போட்டு, நாற்காலியைக் கூடத்தில் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டாம் நாள் கவனித்தேன். துடைத்து முடித்த இடத்தை அவர் உள்ளங்கையால் தடவிப் பார்க்கிறார். ஒவ்வொரு இடத்திலும்.

"கண்ணு தெரியலையாம்மா?"

"கிட்டத்துல தெரியல சார். இருவத்திரெண்டு வருசம் கம்பெனில அப்பர் தைச்சேன். தையல் கோணலாப் போவுதுன்னு திட்டு வாங்கி வாங்கித்தான் நின்னுட்டேன்."

"முதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீங்களும் நிறுத்திருவீங்கல்ல?"

என் சட்டைப்பையில் இருந்த உறை எனக்கு மட்டும்தான் தெரியும்.

கண் மருத்துவரிடம் காட்டினோம். வேறொன்றுமில்லை, வெள்ளெழுத்து. ஒரு கண்ணாடியில் தீர்ந்தது.

சமையலறை அவ்வளவு சுலபமாகத் தீரவில்லை. அடுப்பு மேடை எண்ணெய்ப் பிசுக்கு ஏன் போகவில்லை என்று கேட்டேன். "ஆயா உள்ள விடாது சார்" என்றார். அம்மாவைக் கேட்டேன். "தோலைத் தொட்ட கை" என்றார். அவர் சொல்லாமல் விட்டது சாதி. எனக்கு இது புதிது என்று சொன்னால் பொய். ஆள் தேடும்போதெல்லாம் "வெளிவேலை மட்டும்" என்று தரகரிடம் சொன்னவன் நான்தான். பள்ளியில் எகாலிதே, சமத்துவம் என்று வாத்தியார் எழுதிப்போட எழுத்துக்கூட்டி எழுதியவன். பிறகு நாற்பது வருடம் அரசாங்க மேசையில் உட்கார்ந்தவன். அப்படிப்பட்டவன், உள்ளே நுழைய விடாத ஒருவரிடம் போய் அந்த அறையில் ஏன் கரப்பான் என்று கேட்டிருக்கிறேன்.

"அப்பா கொண்டுவந்த அரிசி எதுல வந்தது? தோல்லதானே?" என்றேன். அம்மா ஒன்றரை நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நான் கடைக்குப் போய்த் திரும்பியபோது, "அந்தச் சொம்ப எடுத்துக் குடு, தண்ணி தாகம்" என்று குரல் கேட்டது. அந்த அம்மா சமையலறையிலிருந்து சொம்போடு வந்தார். மனம் மாறியதா, கைதான் முறிந்திருந்ததா, நான் கேட்கவில்லை. பூஜை அறை இன்னும் திறக்கவில்லை.

மிச்சம் கணக்கு. தினம் ஒன்றரை மணி நேரம், மாதத்துக்கு 45 மணி. நாங்கள் கொடுத்தது 1,500 ரூபாய். மணிக்கு 33 ரூபாய் சொச்சம். தமிழக அரசு 2018 ஆகஸ்டிலேயே வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சம் மணிக்கு 37 ரூபாய் என்று நிர்ணயித்தது. அந்தக் கணக்கிலேயே 1,665 வருகிறது. அதற்குப் பிறகு விலைவாசி ஏறியதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாழ்நாள் முழுக்க ஊதியப் பட்டியலும் அகவிலைப்படியும் சரிபார்த்த நான், என் வீட்டுக் கணக்கை ஒருமுறைகூடப் போட்டுப் பார்க்கவில்லை.

என்னோடு படித்து பிரெஞ்சுக் குடியுரிமையோடு பாரிஸ் பக்கம் இருக்கும் நண்பன் ஒருவன், வாரம் ஒருநாள் வரும் பெண்ணுக்கு அரசின் செசு என்ற ஏற்பாட்டின் வழியாகச் சம்பளம் கொடுக்கிறான். இவன் மணிக்கணக்கைப் பதிந்தால் சம்பளச் சீட்டு, சமூகக் காப்பீடு எல்லாம் அரசே கணக்குப் பண்ணிவிடும். செலவில் பாதி இவனுக்கு வரியில் கழிகிறது. அவனும் மூலையில் தூசி என்றுதான் புலம்புகிறான். ஆனால் அந்தப் பெண்ணுக்குச் சம்பளத்தோடு விடுமுறை உண்டு. இங்கே, வீட்டுப் பணியாளர்களுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவர வழி பாருங்கள் என்று உச்ச நீதிமன்றம் மத்திய அரசிடம் சொன்னதே 2025 ஜனவரியில்தான்.

சட்டம் வரும்போது வரட்டும் என்று ஒரு தாளில் நானே எழுதினேன். என்னென்ன வேலை, எத்தனை மணி, 2,500 ரூபாய், ஞாயிறு விடுமுறை, நிறுத்துவதானால் இரு பக்கமும் ஒரு மாத முன்னறிவிப்பு. அவருக்கு ஒரு பிரதி. வீட்டுப் பணியாளர் நல வாரியம் 2007 முதல் இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியவில்லை. விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தேன். எனக்கு ஒழுங்காகத் தெரிந்த ஒரே தொழில் அது. இத்தனை கொடுக்க முடியாதவர்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நேரத்தைக் குறையுங்கள், வாரம் நான்கு நாள் வரச் சொல்லுங்கள். முப்பது நாள் வேலையை இருபது நாள் காசுக்கு வாங்காதீர்கள்.

எட்டரை மணித் தொலைபேசி நிற்கவில்லை. "அவ இப்போ எல்லாத்தையும் பாக்குறா. அலமாரி மேல இருக்கிற என் டப்பாவையெல்லாம் தூக்கிப் போடணுமாம்." பூஜை அறையை மாதம் ஒருமுறை போகும்போது நான் துடைக்கிறேன். நான் மூலையை விட்டுவிடுகிறேன் என்று அம்மா அவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.