வாயிற் காவலும் தரச் சான்றும்

யாழ். குடாநாட்டில் வங்கிக்கோ வைத்தியசாலைக்கோ அங்காடித் தொகுதிக்கோ செல்லும் ஒருவரை முதலில் எதிர்கொள்பவர் பெரும்பாலும் சீருடையணிந்த தனியார் பாதுகாப்பு ஊழியரே. 2009ஆம் ஆண்டு யுத்தம் முடிவுற்ற பின்னர் வர்த்தக நிறுவனங்கள் இங்கு பெருகின. அவற்றுடன் இத்துறையும் வளர்ந்தது. சோதனைச் சாவடிகளில் ஒரு தலைமுறையே காத்துநின்ற மண்ணில், வாயிலில் நிற்பவர் எவ்வாறு நடந்துகொள்கிறார் என்பது சிறிய விடயமன்று.

1998ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தின்படி தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் பாதுகாப்பு அமைச்சின் கீழ் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆனால் பதிவு என்பது தொழில் நடத்துவதற்கான அனுமதியே அன்றி, சேவையின் தரத்திற்கான உத்தரவாதமன்று. இந்த இடைவெளியை நிரப்பக்கூடியது, நிறுவனங்கள் தாமாக முன்வந்து பெறும் தரச் சான்றாகும்.

பிரித்தானியாவில் காவல் பணியில் ஈடுபடும் தனிநபருக்கு அனுமதிப்பத்திரம் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அதற்கு மேலதிகமாக, நிறுவனங்கள் விரும்பிச் சேரும் அங்கீகாரத் திட்டமொன்று 2006ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. மனித உரிமைகளைப் பேணும் பொறுப்பையும் உள்ளடக்கிய ஐ.எஸ்.ஓ. 18788 என்ற சர்வதேசத் தரம் 2015இல் வெளியானது. எமது நாட்டிலும் இலங்கை கட்டளைகள் நிறுவனம் உள்ளிட்ட அமைப்புகள் ஐ.எஸ்.ஓ. 9001 சான்றை வழங்குகின்றன. ஆட்சேர்ப்பு, பயிற்சி, மேற்பார்வை, முறைப்பாடுகளைக் கையாளல் ஆகியவற்றை எழுத்தில் வகுத்து, அவற்றின்படி நடப்பதை வெளியார் கணக்காய்வுக்கு உட்படுத்துவதே அதன் சாரம்.

பயிற்சியின்மையின் விலையை நாம் கண்டிருக்கிறோம். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னர் அவ்வருடம் ஏப்ரல் இறுதியில் விதிக்கப்பட்ட தடை, முகத்தை மூடும் ஆடைக்கு மாத்திரமே உரியதாக இருந்தது. ஆயினும் நாட்டின் பல பாகங்களிலும் தலையை மட்டும் மறைத்திருந்த முஸ்லிம் பெண்கள்கூட வாயில்களில் தடுக்கப்பட்டனர். சட்டம் சொல்லாததை வாயில்கள் சொல்லின. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, நீண்ட காலத்தின் பின் சோனகத் தெருவுக்கு மீண்டுவரும் குடும்பங்களுக்கு இத்தகைய அவமதிப்பு பழைய காயத்தைக் கீறுவதாகவே அமையும். தமிழ்ப் பெண்களுக்கும் உடற்சோதனையின் நினைவுகள் புதியவையல்ல. பெண்களைப் பெண்களே சோதனையிடுதல், மக்களின் மொழியில் பேசுதல், முறைப்பாட்டுக்குப் பதிலளித்தல் என்பன எழுதப்பட்ட விதிகளாக இருக்க வேண்டியது இதனாலேயே.

எனினும், சான்றிதழ் சுவரில் தொங்கும் அலங்காரமாகிவிடும் அபாயமும் உண்டு. பன்னிரண்டு மணிநேரம் நின்று களைத்தவரிடம் கனிவையும் விழிப்பையும் எதிர்பார்க்க முடியாது. ஐ.எஸ்.ஓ. 9001 முகாமைத்துவ முறைமையைப் பரிசீலிப்பதே அன்றி, ஊழியருக்கு நியாயமான சம்பளத்தைப் பெற்றுக்கொடுப்பதற்கென உருவானதன்று. ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதத்தையும் நம்பிக்கை நிதிக்கு 3 வீதத்தையும் தொழில்வழங்குநர் செலுத்தியாக வேண்டும். இவற்றை நேர்மையாகக் கணக்கிடும் நிறுவனம், ஆகக்குறைந்த விலைமனுவை மட்டுமே ஏற்கும் கேள்வி நடைமுறையில் தோற்றுவிடுகிறது. அவ்வாறாயின், தரத்திற்காகச் செலவிட எவர்தான் முன்வருவர்?

ஆகவே பொறுப்பு காவல் நிறுவனங்களுடையது மாத்திரமன்று. அவற்றின் சேவையை வாங்குவோருடையதுமாகும். தரச் சான்றுக்கும் பயிற்சிக்கும் உரிய கொடுப்பனவுகளின் சான்றாதாரத்துக்கும் கேள்வி கோரலின்போது புள்ளிகள் வழங்கப்படல் வேண்டும். சான்றுச் செலவைத் தாங்கமுடியாத சிறிய உள்ளூர் நிறுவனங்களுக்குக் கால அவகாசமும் வழிகாட்டலும் தேவை. இன்றேல் இத்தகைய நிபந்தனை, பெரிய கொழும்பு நிறுவனங்களுக்கே வாய்ப்பாகி, குடாநாட்டு இளைஞர்களின் முயற்சிகளுக்குத் தடையாகிவிடும்.

காவல் என்பது கதவை அடைப்பது மட்டுமன்று. வருபவரை மதிப்பதும் அதில் அடங்கும். அரச திணைக்களங்களும் வங்கிகளும் தமது அடுத்த ஒப்பந்தத்திலேனும் இதனைக் கவனத்திற் கொள்ளுமா?