பொது அறிவும் பொதுத் தண்ணியும்

போட்டித் தேர்வுக்குப் படிக்கிற நம்ம பிள்ளைகள் கையில் இருக்கும் பொது அறிவுக் கையேட்டைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள் தோழர்களே. பழவேற்காடு பற்றி மூன்று கேள்வியாவது இருக்கும். இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி எது? பழவேற்காடு. (முதலாவது ஒடிசாவின் சிலிகா.) டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியா கோட்டை கட்டிய ஊர் எது? பழவேற்காடு. இந்த ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவில் கிடக்கும் தீவில் என்ன இருக்கிறது? ராக்கெட் ஏவுதளம். ஸ்ரீஹரிகோட்டா.

மூன்று விடையும் சரி. மூன்றுக்கும் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் மூன்றிலும் மனுசன் இல்லை.

டச்சுக்காரன் கோட்டையிலிருந்து துணி மட்டும் ஏற்றுமதி செய்யவில்லை. 1620களில் பஞ்சத்தில் அடிபட்ட ஏழைச் சனங்களை ஆயிரக்கணக்கில் அடிமையாகப் பிடித்தும் வாங்கியும், இதே கரையிலிருந்து கப்பல் ஏற்றி பத்தேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அனுப்பினான். கோட்டை இடிந்துபோனது. டச்சுக் கல்லறை மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, டூரிஸ்ட்டும் வந்து போட்டோ பிடிக்கிறான். விற்கப்பட்டவனுக்குக் கல்லறை ஏது? 1971இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் ராக்கெட் பறந்தது. 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 அங்கிருந்துதான் கிளம்பியது, நாடே கை தட்டியது. அந்தத் தீவுக் காட்டை நம்பிப் பிழைத்த யானாதிப் பழங்குடிகளில் பலர் ஏவுதளத்துக்காக வெளியேற்றப்பட்டார்கள் என்பது எந்தக் கையேட்டில் இருக்கிறது?

கையேட்டைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. வங்கியில் கிளார்க்காக உட்கார்ந்திருக்கிற நானும் அதை நெட்டுருப் போட்டுத்தான் உள்ளே நுழைந்தேன். நம்ம பிள்ளைகள் அதைப் படிக்கணும், ஜெயிக்கணும், அந்த நாற்காலிகளில் போய் உட்காரணும். அதில் இரண்டாம் பேச்சு இல்லை. கேள்வி வேறு. அதன் பெயரில் இருக்கிற 'பொது' என்ற சொல், அது யாருடைய பொது?

நம்ம ஊர்களில் 'பொது' என்ற சொல்லுக்கு அகராதியில் ஓர் அர்த்தம், தெருவில் வேறு அர்த்தம். பொதுக் கிணறு என்றால் நாம் இறங்கக் கூடாத கிணறு. பொதுச் சுடுகாடு என்றால் நம்ம பிணம் போகக் கூடாத சுடுகாடு. பொதுத் தொகுதி என்றால் நமக்குச் சீட்டுத் தராத தொகுதி. பொன்னேரி தனித் தொகுதிதான், சட்டசபைக்கு நம்ம ஆள் போகலாம். அதே பொன்னேரி வட்டத்தில் இருக்கிற ஏரியின் நல்ல மீன்பாட்டில் நம்ம ஆள் வலை கட்ட முடியுமா?

*

இங்கேதான் உலகத்துப் பாடம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1968இல் காரெட் ஹார்டின் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஒரு கட்டுரை எழுதினார். பொதுவில் விட்ட வளத்தை ஆளாளுக்கு உறிஞ்சி நாசமாக்கிவிடுவார்கள் என்பது அதன் சாரம். தனியாருக்குக் கொடு, இல்லாவிட்டால் சர்க்கார் எடுத்துக்கொள் என்பவர்களுக்கு அது வேதமானது. எலினார் ஆஸ்ட்ரம் என்ற பெண்மணி அதை மறுத்தார். உலகம் முழுக்க மீனவர்களும் விவசாயிகளும் மேய்ச்சல்காரர்களும் தங்களுக்குள் விதி போட்டுக்கொண்டு பொது வளத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வருகிறார்கள் என்று 1990இல் வந்த புத்தகத்தில் எடுத்துக்காட்டினார். 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்தப் பரிசு பெற்ற முதல் பெண் அவர்தான்.

அவர் காட்டிய உதாரணங்களில் ஒன்று துருக்கியில் இருக்கிற அலன்யா. அங்கே செப்டம்பர் மாதம் மீனவர்கள் பட்டியல் போடுவார்கள். கடலில் பெயர் வைத்த மீன்பிடி இடங்களுக்குச் சீட்டுக் குலுக்குவார்கள். ஜனவரி வரை தினமும் ஒவ்வொருவரும் கிழக்குப் பக்கம் ஒரு இடம் நகர வேண்டும். அதற்குப் பிறகு மேற்குப் பக்கம் நகர வேண்டும். நல்ல இடம் ஒருத்தனுக்கே போகாது, சண்டையும் இல்லை.

இதைப் படிக்கிற பழவேற்காட்டுக்காரன் சிரிப்பான். 'இது நம்ம பாடு முறைதானே?' என்பான். ஆமாம், அதேதான். கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற பட்டினவர் குப்பங்களில் முகத்துவாரத்துப் பக்கம் இருக்கிற நல்ல இறால் பாடுகளை முறைவைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். இன்றைக்கு இந்தப் பாட்டில் நீ வலை கட்டு, நாளைக்கு நான். எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லித் தந்ததில்லை. அந்த அறிவை மதிக்கிறேன். உழைக்கிறவன் தனக்குள் சமமாகப் பங்கு போட்டுக்கொள்வது சின்ன விசயம் இல்லை.

ஆனால் தோழர்களே, ஆஸ்ட்ரம் அம்மையார் சொன்ன விதிகளில் முதல் விதி என்ன? எல்லை தெளிவாக இருக்கணும், யார் உள்ளே யார் வெளியே என்று தெரியணும் என்பதுதான். நம்ம நாட்டில் அந்தக் கோட்டை வரைந்து கொடுப்பது யார்? சாதி. பாட்டில் பங்கு வேண்டுமானால் பட்டினவராகப் பிறந்திருக்கணும், அதிலும் ஆம்பளையாகப் பிறந்திருக்கணும். ஏரிக்கரையில் பிறந்த தலித்துக்குப் பாடு இல்லை, இருளருக்கும் இல்லை. உள்ளே சமத்துவம், வெளியே தீண்டாமை. இந்த இரண்டும் ஒரே விதியில் ஒன்றாகக் குடியிருப்பதுதான் இந்தியாவின் தனித்துவம்! வெளிநாட்டு ஆய்வாளனுக்கு இது 'சமூக மேலாண்மை'. நமக்கு இது இன்னொரு பொதுக் கிணறு.

பாடு இல்லாதவர்கள் என்ன செய்கிறார்கள்? இருளப் பெண்கள் ஆழம் குறைந்த தண்ணியில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டோ கழுத்தில் மாட்டிக்கொண்டோ மணிக்கணக்கில் ஊர்ந்து போகிறார்கள். படகு இல்லை, வலை இல்லை. கிளிஞ்சல் கிழித்த விரல்தான் வலை. எந்தச் சேற்றில் எப்போது இறால் ஒதுங்கும், தண்ணி ஏறுமா வத்துமா என்பதெல்லாம் அந்த விரலுக்குத் தெரியும். ஆனால் அவளை யாரும் 'மீனவர்' என்று சொல்வதில்லை. அந்தச் சொல்லுக்குள் சாதி உட்கார்ந்திருக்கிறது.

*

பெயர் தராமல் உழைப்பை மட்டும் வாங்கிக்கொள்வது இங்கே மட்டும் நடக்கிறதா என்ன? அமெரிக்காவில் ராபர்ட் ஸ்மால்ஸ் என்று ஒரு கறுப்பின அடிமை இருந்தார். சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் 'பிளான்ட்டர்' என்ற கப்பலை ஓட்டியவர். அந்தத் துறைமுகத்தின் ஆழமும் மணல்திட்டும் அவருக்கு அத்துப்படி. செய்தது பைலட் வேலை. ஆனால் அடிமைக்கு அந்தப் பட்டத்தைத் தர மாட்டார்கள், 'வீல்மேன்' என்றுதான் கூப்பிட்டார்கள். 1862 மே 13 விடியற்காலை, வெள்ளை அதிகாரிகள் கரையில் இருந்த நேரம் பார்த்து, தன் பெண்டாட்டி பிள்ளைகளையும் மற்ற அடிமைக் குடும்பங்களையும் ஏற்றிக்கொண்டு கப்பலைக் கிளப்பினார். கேப்டனின் ஓலைத் தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கோட்டையைக் கடக்கும்போதும் சரியான ஊதல் சைகையைக் கொடுத்து, பீரங்கிகளுக்கு நடுவே தப்பித்துப் போய் எதிரணியான வடக்கத்திக் கப்பற்படையிடம் சேர்ந்தார். பிற்பாடு அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனார்.

தன்னம்பிக்கைப் புத்தகக்காரன் கையில் இந்தக் கதை கிடைத்தால் என்ன செய்வான்? 'துணிந்தால் வெற்றி' என்று தலைப்புப் போடுவான். எடிசன் தோற்றார், லிங்கன் தோற்றார், நீயும் முயன்றால் முடியும் என்று அந்த வரிசையில் இவரையும் சேர்ப்பான். முயற்சியெல்லாம் சரிதான். ஆனால் ஸ்மால்ஸ் துணிச்சல் இல்லாததாலா அடிமையாக இருந்தார்? பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஊர்கிறவளுக்கு உழைப்பைப் பற்றி யார் வகுப்பு எடுப்பது? ஸ்மால்ஸ் தனியாக ஓடவில்லை, கூட இருந்தவர்களை ஏற்றிக்கொண்டு ஓடினார் என்பதைத்தான் நம்ம மாணவர்கள் படிக்கணும். வேலைக்குப் பெயர் தராதவன் அந்த வேலையின் அறிவை எடுத்துக்கொள்ள முடியவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்கணும்.

அண்ணல் அம்பேத்கர் கதையையும் இப்படித்தான் கெடுத்துவைத்திருக்கிறார்கள். கஷ்டப்பட்டுப் படித்தார், உயர்ந்தார், அவ்வளவுதான். 1913இல் பரோடா அரசின் உதவித்தொகையில்தான் அவர் கொலம்பியா போனார். உழைப்பு மட்டும் போதும் என்றால், தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கு உதவித்தொகை வேண்டும் என்று அவர் ஏன் வைஸ்ராய் நிர்வாக சபை வரைக்கும் போய் வாதாடணும்? பள்ளி இறுதிக்கு மேல் படிக்கிற நம்ம பிள்ளைகளுக்கான மத்திய உதவித்தொகை 1944இல் தொடங்கியது. தான் நுழைந்த கதவைத் திறந்துவைத்துவிட்டுப் போனவர் அவர்.

*

தண்ணிக்கு வருவோம். நிலத்துக்காவது நமக்கு ஒரு சொல் இருக்கிறது, பஞ்சமி நிலம். பொன்னேரி அன்றைக்குச் செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்தது. அந்த ஜில்லா கலெக்டர் டிரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார், 1892இல் அரசாணை வந்தது. அந்த நிலத்திலும் பெரும்பகுதி கைமாறிப் போய்விட்டது என்பது வேறு கதை. ஆனாலும் மீட்கக் கேட்பதற்கு ஒரு பெயர், ஒரு ஆணை இருக்கிறது. தண்ணியில் நமக்குப் பங்கு கேட்க என்ன சொல் இருக்கிறது?

நான் பார்க்கிற வேலையிலிருந்தே ஒன்று சொல்கிறேன். கிசான் கிரெடிட் கார்டு 2018-19 பட்ஜெட்டில் மீன்பிடித் தொழிலுக்கும் விரிக்கப்பட்டது. நல்ல காரியம். ஆனால் அதை வாங்க, சொந்தமாகவோ குத்தகையாகவோ ஒரு குளம், ஒரு படகு, ஒரு உரிமம் என்று ஏதாவது காட்டச் சொல்கிறது விதி. கையால் தடவிப் பிடிப்பவள் எதைக் காட்டுவாள்? கையைக் காட்டினால் எந்தக் கவுண்டரில் எடுத்துக்கொள்வார்கள்? அவளைத் தள்ளிவைக்க யாரும் சதி செய்யத் தேவையில்லை. விண்ணப்பத்தில் அவளுக்கு ஒரு கட்டம் இல்லை, அதுவே போதும்.

பட்டினவச் சகோதரர்களை எதிரி என்று சொல்லவா இதை எழுதுகிறேன்? இல்லை. அவர்களும் நாளுக்கு நாள் நெருக்கப்படுகிறவர்கள்தான். முகத்துவாரம் அடிக்கடி மண் மேவி அடைத்துக்கொள்கிறது. ராக்கெட் விடுகிற நாளில் கடலுக்குப் போகாதே என்கிறார்கள். தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,000 ஏக்கருக்கும் மேலாக விரிக்கத் திட்டம் போட்டதும் கரை நெடுக எதிர்ப்புக் கிளம்பியது. அந்த எதிர்ப்பில் நாமும் நிற்கணும், நிற்கிறோம். ஆனால் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியாது. 'ஏரி நம் எல்லோருக்கும் பொது, காப்பாற்றுவோம்' என்று மேடையில் கூப்பிடுகிறீர்கள். மறுநாள் பாடு பிரிக்கும்போது அந்தப் 'பொது' எங்கே போகிறது? போராட்டத்துக்கு மட்டும் பொது, பங்குக்குத் தனி என்றால் அதுக்குப் பேர் ஒற்றுமையா?

இப்ப ஏரியே சுருங்குது, இருக்கிறதைப் பங்கு போட்டால் எல்லோருக்கும் கட்டாது என்று அவர்கள் தரப்பில் ஒரு நியாயம் சொல்லலாம். வளம் குறைகிறது என்பது உண்மைதான். ஆனால் குறைகிற நேரத்தில் முதலில் பட்டினி கிடக்க வேண்டியவன் யார் என்பதைப் பிறப்பை வைத்து முடிவு செய்வது மட்டும் எப்படி நியாயமாகும்? ஆஸ்ட்ரம் சொன்ன மூன்றாவது விதியை இங்கே நினைவுபடுத்தணும். விதியால் பாதிக்கப்படுகிறவர்களுக்கு அந்த விதியை மாற்றுகிற பேச்சில் இடம் இருக்கணும். முதல் விதியை நாம் நன்றாகவே கடைப்பிடிக்கிறோம். மூன்றாவதுக்கு வரவே இல்லை.

ஆகவே கோரிக்கையைத் தெளிவாக வைப்போம். ஏரியைப் பற்றி முடிவெடுக்கிற கூட்டத்தில், அது ஊர்க் கூட்டமோ அரசுக் கூட்டமோ, தலித் மீன்பிடியாளர்களும் இருளப் பெண்களும் பாயில் சமமாக உட்காரணும். கையால் பிடிப்பதும் மீன்பிடித் தொழில்தான் என்று அரசு எழுதித் தரணும், அந்தச் சான்றை வங்கி ஏற்கணும். கைத்தடவலுக்கான ஆழமற்ற பகுதிகளில் வேறு யாரும் வலையால் வளைத்து அடைக்கக் கூடாது என்று விதி வரணும். பாட்டில் பங்கு என்ற பேச்சையும் தொடங்கணும்.

தானாக நடக்குமா? நடக்காது. மகாத்தில் என்ன நடந்தது? பொதுக் குளங்களைத் தீண்டப்படாதவர்களுக்குத் திறக்கணும் என்று பம்பாய் சட்டசபை 1923இல் தீர்மானம் போட்டது. மகாத் நகராட்சியும் மறு வருசம் ஏற்றுக்கொண்டது. காகிதத்தில் குளம் திறந்தே கிடந்தது, ஒருத்தரும் இறங்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்து போய் அந்தத் தண்ணியை அள்ளிக் குடித்தார். அடி விழுந்தது. வழக்கு நடந்தது. 1937இல்தான் உயர்நீதிமன்றம் நம்ம பக்கம் தீர்ப்புச் சொன்னது. தீர்மானத்திலிருந்து தீர்ப்புவரை பதினாலு வருசம். நடுவில் கால்கள் நடந்ததால்தான் அந்தத் தீர்ப்பு வந்தது.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். தேர்வுக்குக் கையேட்டைப் படியுங்கள். லீவு நாளில் நாலு பேராகச் சேர்ந்து ஏரிக்கரைக் குப்பங்களுக்கும் சேரிகளுக்கும் இருளர் குடியிருப்புகளுக்கும் போங்கள். எந்தப் பாடு யாருக்கு, எந்த நாளில், எந்தச் சேற்றில் யார் இறங்கலாம், யாரை எப்போது விரட்டினார்கள் என்று கேட்டு எழுதுங்கள். தேதி போட்டு எழுதுங்கள், அவர்கள் சொல்கிற சொல்லிலேயே எழுதுங்கள். நாளைக்கு அந்தக் கூட்டத்தில் 'ஆதாரம் எங்கே?' என்று கேட்பார்கள். அப்போது நம் கையில் அந்த நோட்டு இருக்கணும்.