'சூடு' என்று சொல்லாதீர்கள்



முப்பது வருடம் அறிவியல் நடத்திய நானே, சிறுநீரில் ரத்தம் கண்டதும் 'உடம்புச் சூடு' என்று இளநீர் குடித்தேன். வலி இல்லை, இரண்டு நாளில் நின்றது. மறந்துவிட்டேன்.

ஆறு மாதத்தில் மறுபடி வந்தது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய். வலிக்காமல் வருவதும் தானாக நிற்பதும்தான் அதன் சூழ்ச்சி.

நல்லவேளை, தசைக்குள் இறங்கவில்லை. குழாய்க் கேமரா விட்டுச் சுரண்டி எடுத்தார்கள். பிறகு, குழந்தைகளுக்குக் காசநோய்த் தடுப்பூசியாகப் போடும் பி.சி.ஜி. மருந்தையே வாரம் ஒருமுறை, 6 வாரம் பைக்குள் செலுத்தினார்கள். இறங்கியிருந்தால் பையையே எடுக்க நேர்ந்திருக்கும்.

முக்கியக் காரணம் புகை. டீக்கடை மறைவில் நான் ஊதியது உங்களுக்கே தெரியும். அந்த நஞ்சு நுரையீரலோடு நிற்பதில்லை; சிறுநீரில் கலந்து பையில் தேங்குகிறது.

ஒரு துளி ரத்தம் என்றாலும் டாக்டரிடம் போங்கள். வாத்தியார் செய்த தப்பைக் காப்பியடிக்காதீர்கள்.