கூடிக் கற்கும் மலர்க்கலை

ஜப்பானியர் இகெபானா என்று வழங்கும் மலரமைப்புக் கலையைப் பற்றிப் பிற தேசத்தார் எழுதும்போதெல்லாம் தனியறை, ஒற்றைக் கிளை, மௌனம், தியானம் என்ற சொற்களே முன்னே வந்து நிற்கின்றன. அந்த வர்ணனையில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், பலர் வரிசையாக நீண்ட மேஜைகளின் முன் அமர்ந்து, ஆசிரியருக்கு வணக்கம் கூறி, எல்லோரும் ஒரே வகைக் கிளைகளையும் மலர்களையும் கையில் எடுத்துக்கொள்கிற வகுப்புதான் அக்கலையின் பிறந்த வீடு என்பதும், அந்தக் கூட்டத்தை விலக்கிவிட்டு அதன் சாரத்தை அறிவது அரிது என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

கியோட்டோ நகரின் நடுவே ரொக்ககுதோ என்னும் பௌத்த ஆலயம் இருக்கிறது. அங்கே புத்தர் சந்நிதியில் புஷ்பம் சமர்ப்பிக்கும் கைங்கரியத்தைப் பரம்பரையாகச் செய்துவந்த குருமார்களிடமிருந்தே இகெனோபோ என்ற மிகப் பழைய மரபு கிளைத்தது. 1462-ஆம் ஆண்டில் அம்மரபைச் சேர்ந்த சென்கெய் என்பவர், படைத்தலைவர் ஒருவரின் அழைப்புக்கு இணங்கிப் பொன் ஜாடியில் பத்துக் கணக்கான கிளைகளை அமைத்தார் என்றும், அதைக் காண நகரத்து ரசிகர்கள் முந்திக்கொண்டு வந்தார்கள் என்றும் அக்காலத்துத் துறவி ஒருவர் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பொன் ஜாடி மலர்கள் சில நாட்களில் சருகாகியிருக்கும். சித்திரத்தைச் சீலை காப்பாற்றுகிறது. சிற்பத்தைக் கல் காப்பாற்றுகிறது. இந்தக் கலையின் சிருஷ்டியோ ஒரு வாரம்கூட நிலைப்பதில்லை. 1542-ல் சென்னோ என்னும் ஆசாரியரின் உபதேசங்கள் ஏட்டில் ஏறின என்பது மெய்தான். ஆனால், கிளை எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று ஏடு சொல்லுமேயன்றி, சாய்க்கும் கை தயங்கும்போது அதைப் பற்றித் திருப்பிவிட ஏட்டினால் ஆகாது. ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக இக்கலை அழியாமல் வந்திருக்கிறதென்றால், அதற்கு உயிர் கொடுத்தவர்கள், தலைமுறை தலைமுறையாக ஆசிரியரைச் சுற்றி அமர்ந்த மாணாக்கர்களே ஆவர்.

அந்த வகுப்பில் நடப்பது யாது? 1927-ல் சோஃபு தெஷிகஹரா தோற்றுவித்த சோகெத்ஸு மரபின் ஆரம்பப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். ஆழமில்லாத தட்டுப் போன்ற பாத்திரம் ஒன்று. அதில் பித்தளை ஊசிகள் நெருக்கமாக நிமிர்ந்து நிற்கும் ஈயக் கட்டை ஒன்று. பாத்திரம் நிறையத் தண்ணீர். தண்டினுள் காற்றுப் புகுந்து நீரோட்டம் தடைபடாதபடி, நீருக்குள் அமிழ்த்தியே தண்டை வெட்டுகிறார்கள். பாத்திரத்தின் அகலத்தையும் ஆழத்தையும் கூட்டி, அதைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு நீளமாக முதற்கிளையும், அதில் முக்கால் பங்கு இரண்டாவதும், அதனினும் குறுகியதாக மூன்றாவதும் நறுக்கப்பட்டு, செங்குத்து நிலையிலிருந்து முறையே 15, 45, 75 பாகை சாய்த்து ஊசிகளில் ஊன்றப்படுகின்றன. எல்லோருக்கும் ஒரே கணக்கு, ஒரே மலர், ஒரே நேரம். ஆயினும் வேலை முடிந்து நிமிர்ந்து பார்த்தால், ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. ஒரு கிளையின் வளைவு இன்னொரு கிளைக்கு வாய்ப்பதில்லை, ஒருவர் கண் நிறுத்திய இடத்தில் அடுத்தவர் கண் நிறுத்துவதில்லை. விதி பொதுவாக இருந்தும் சுபாவம் தனித்து விளங்குகிற இந்த அதிசயத்தை வீட்டில் தனியே அமர்ந்து பழகுகிறவர் எங்ஙனம் காண்பார்?

அடுத்து வருவது திருத்தம். ஆசிரியர் ஒவ்வொரு மேஜையாக வந்து நிற்கிறார். ஒரு கிளையைச் சற்றுத் திருப்புகிறார். மாணாக்கர் அருமையாகக் கருதி வைத்த பூவொன்றை எடுத்து அப்புறம் வைக்கிறார். அக்கணமே, அதுவரை தெரியாதிருந்த வெற்றிடம் தோன்றி, மிஞ்சிய மலர்களெல்லாம் மூச்சு விடுகின்றன. சுற்றி நின்று பார்ப்பவர்கள், அயலாருக்குச் செய்யப்பட்ட அந்தத் திருத்தத்திலிருந்து தங்களுக்குரிய பாடத்தையும் பெறுகிறார்கள். பிறர் குறையைப் பார்த்து மகிழாமலும், தன் குறை பிறர் கண்ணில் பட்டதற்கு வெட்காமலும் இருக்கப் பழகுவது சாமானியமான சாதனை அல்ல. கடைசியில், ஒரு மணி நேரம் பாடுபட்டு அமைத்ததைத் தாங்களே கலைத்து, கிளைகளைக் காகிதத்தில் சுற்றி, தரையைப் பெருக்கி, வீட்டில் மறுபடி அமைத்துப் பார்க்க எடுத்துச் செல்கிறார்கள்.

சோஃபுவின் புதல்வரும், திரைப்பட இயக்குநராக உலகறிந்தவரும், 1980 முதல் அம்மரபின் தலைவராக விளங்கியவருமான ஹிரோஷி தெஷிகஹரா, இந்தக் கூட்டுணர்வையே ஒரு தனி வடிவமாக்கினார். பலர் கூடித் தொடுக்கும் ஜப்பானியத் தொடர்கவிதையைப் பின்பற்றி, ஒருவர் அமைத்த மலருக்கு அடுத்தவர் விடை கூறுவதுபோலத் தம் மலரை அமைக்க, அதற்கு மூன்றாமவர் விடை கூற, இப்படியே சபையோர் முன்னிலையில் வளர்ந்து செல்லும் மலர்த்தொடர் அது. நம் அந்தாதியில் ஒரு செய்யுளின் ஈறு அடுத்ததன் முதலாவதை ஒக்கும் இம்முறை. அந்தாதியைப் புலவர் ஒருவரே பாடுவார், இதனையோ பல கைகள் பாடுகின்றன. இங்கே முன்னவர் செய்ததை ஊன்றிப் பாராதவருக்குத் தம் முறை வரும்போது செய்வதற்கு ஒன்றுமில்லை.

இக்கலையின் கூட்டுப் பண்புக்கு இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பிற்பட்ட சரித்திரமும் சாட்சி. அமெரிக்கப் படை ஜப்பானில் தங்கியிருந்த ஆண்டுகளில், அதிகாரிகளின் மனைவியர் மலர் வகுப்புகளில் ஜப்பானியப் பெண்களோடு சேர்ந்து அமர்ந்தனர். இக்கலையைக் கற்றவரும் ஒரு படைத் தளபதியின் மனைவியுமான எல்லன் கோர்டன் ஆலன் 1956-ல் டோக்கியோவில் தொடங்கிய சர்வதேச இகெபானா சங்கம், மலர்களின் மூலம் சிநேகம் என்பதையே தன் குறிக்கோளாக வரித்துக்கொண்டது. அதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன் எதிரிகளாயிருந்த இரு தேசத்தார், ஒரு வாளித் தண்ணீரையும் ஒரு கட்டுக் கிளைகளையும் பகிர்ந்துகொண்டு, ஒருவர் அமைத்ததை மற்றவர் பாராட்டக் கற்றார்கள்.

ஆகையால், இந்தக் கலையில் விருப்பமுள்ளவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே: புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு தனியே தொடங்காதீர்கள். நாலு பேர் கூடும் வகுப்பொன்றைத் தேடிச் சேருங்கள்; உங்கள் மலரைப் பார்ப்பதற்கு முன் பக்கத்தில் இருப்பவரின் மலரைப் பாருங்கள்; ஆசிரியர் எடுத்துவிடும் பூவுக்காக வருந்தாதீர்கள்.