எட்டு ரூபாய் நம்முடையது

கிராமத்துக்கு போன் கொடுப்பது நட்டம், அந்த நட்டத்தை நகரத்துக்காரர்தான் சுமக்கிறார் என்று பேசுகிறவர்கள் உண்டு. கணக்கைப் பார்ப்போம்.

தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தம் வருவாயில் 8 விழுக்காட்டை அரசுக்கு உரிமக் கட்டணமாகக் கட்டுகின்றன. அதில் 5 விழுக்காடு, லாபம் கிடைக்காத ஊர்களுக்குச் சேவை கொண்டுபோவதற்கானது. 2002இல் தொடங்கிய இந்த நிதிக்கு 2023ஆம் ஆண்டுச் சட்டம் 'டிஜிட்டல் பாரத் நிதி' என்று பெயர் மாற்றியது. நிறுவனம் யார் காசைக் கட்டுகிறது? களையெடுத்த கூலியில் நம் அம்மா 200 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்தால், சுமார் 30 ரூபாய் ஜிஎஸ்டிக்குப் போகிறது. மிச்சத்தில் ஏறக்குறைய 8 ரூபாய் இந்த நிதிக்கு. மாதச் சம்பளக்காரருக்கும் இதே விகிதம்தான். கூலிக்காரருக்குச் சலுகை ஏதுமில்லை.

சரி, கொடுத்த காசுக்கு என்ன வந்தது? கிராமப் பொதுத் தொலைபேசியை நாற்பது வயது கடந்தவர்கள் மறந்திருக்க மாட்டோம். நம் ஊரில் அது ஊர்த்தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்தது. நாம் தெருவிலேயே நின்று எண்ணைச் சொல்ல வேண்டும். அவர்கள் சுழற்றி, சேதி கேட்டுச் சொல்வார்கள். ரிசீவர் நம் கைக்கு வராது. (நாம் கொடுத்த காசுக்கு மட்டும் தீட்டு கிடையாது.) பதிவேட்டில் அது தொலைபேசி வசதி பெற்ற கிராமம்!

இன்று அதே நிதியில் பாரத்நெட் கேபிள் வருகிறது. அது ஊராட்சிக்கு வந்து சேர்ந்தாலே கணக்கு முடிந்தது. அங்கிருந்து காலனிக்கு எத்தனை தூரம் என்று யாரும் அளப்பதில்லை.

ஆனால் எல்லாம் போனுக்குள் போய்விட்டது. நூறு நாள் வேலையின் வருகைப்பதிவு 2023 ஜனவரியில் செயலிக்கு மாறியது. கல்வி உதவித்தொகைக்கு ஓடிபி வர வேண்டும். சிக்னலுக்காக ஏரிக்கரை ஏறும் பிள்ளைகள் நம் பிள்ளைகள்தான்.

ஆகவே கணக்கைக் கிராமவாரியாக அல்ல, குடியிருப்புவாரியாக எடுக்கச் சொல்லி வரும் கிராம சபையில் தீர்மானம் கேட்போம். மாணவர்கள் அதற்கு முன்பே தெருத்தெருவாகப் போய், எந்த இடத்தில் சிக்னல் அறுகிறது என்று எழுதி வைக்கட்டும். "இங்கே நன்றாகத்தானே எடுக்கிறது" என்று ஊராட்சிச் செயலர் சொன்னால், காலனிக்கு அழைத்து வந்து ஒரு போன் போடச் சொல்வோம்.