மெயின்டனன்ஸே இல்லையாம்!

‘மெயின்டனன்ஸ் ஃப்ரீ’ என்று சொல்லிப் பொருள் விற்பதைத் தடுக்க ஒரு சட்டம் வரவேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிவருகிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள். கயத்தாறில் உட்கார்ந்திருக்கும் ஒரு பழைய குமாஸ்தா சொல்லி எந்தச் சட்டம் வந்தது? இருந்தாலும் எழுதிவைக்கிறேன். என் வயதுக்காரர்கள் பலருக்குப் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். எனக்கு வந்தது நாளை உங்கள் வாசலிலும் லாரியில் வந்து இறங்கலாம்.

வந்தது ஒரு ஹாட் டப். இரண்டு பேர் கால் நீட்டி உட்காரும் வெந்நீர்த் தொட்டி. 800 லிட்டர் பிடிக்கும். தண்ணீரைச் சூடாக்க ஹீட்டர், சுழற்ற மோட்டார், பக்கவாட்டில் பீய்ச்சும் துளைகள், அழுக்குப் பிடிக்க ஒரு வடிகட்டி. பிரான்சில் இருக்கும் மகள், அம்மாவின் முழங்கால் வலிக்காக இங்கே ஒருவரிடம் சொல்லி அனுப்பிவைத்தாள். விலையைக் கேட்டேன். “அதெல்லாம் எதுக்குப்பா?” என்றாள். இதே பதிலைத்தான் வேலையில் இருந்தபோது காண்டிராக்டர்களும் சொல்வார்கள்.

வீட்டுப் பின்பக்கம் தகரக் கொட்டகையில் தொட்டியை இறக்கிவிட்டு, வந்த தம்பி சொன்னார்: “ஐயா, இதுல ஒண்ணுமே கெடயாது. மெயின்டனன்ஸ் ஃப்ரீ. வருசத்துக்கு ஒருக்கா தண்ணிய மாத்துங்க, மாசத்துக்கு ஒருக்கா ஒரு கை பிளீச்சிங் பவுடரப் போடுங்க. அம்புட்டுதான்.”

புதுச்சேரி அரசில் 34 வருடம் எழுத்தராக இருந்தவன் நான். அதில் பதினோரு வருடம் பம்ப் ஹவுஸ் பதிவேடுகளைப் பார்த்தேன். எந்த மோட்டார் எப்போது ஓடியது, எப்போது எண்ணெய் விட்டார்கள், எப்போது புஷ் மாற்றினார்கள் என்று தினம் எழுத வேண்டும். ஓடுகிற எந்த இயந்திரத்துக்கும் பராமரிப்பு உண்டு என்று என்னை விடத் தெரிந்தவர் இந்தத் தெருவில் இல்லை. அந்த நான் தலையாட்டினேன். மகள் அனுப்பியது என்ற பெருமை கண்ணை மறைத்தது. கையேட்டைப் பிளாஸ்டிக் உறையோடு பரணில் போட்டது வேறு யாருமல்ல.

முதல் பதினைந்து நாள் சொர்க்கம். பொய் சொல்லக் கூடாது. இரவு 38 டிகிரி வெந்நீரில் கால் மணி நேரம் உட்கார்ந்து எழுந்த பிறகு, பல வருடம் கழித்து என் மனைவி சுவரைப் பிடிக்காமல் நடந்தாள். எனக்கு வெந்நீர் மீது எந்த விரோதமும் இல்லை.

மூன்றாவது வாரம் தண்ணீர் கஞ்சி போலக் கலங்கியது. தம்பிக்குப் போன் செய்தேன். “பவுடர் பத்தலய்யா, இன்னொரு கை போடுங்க.” போட்டேன். இன்னும் வெளுத்தது. மூக்கைத் துளைக்கும் குளோரின் வாடை. அதனால் தண்ணீர் சுத்தமாக இருக்கிறது என்று நினைத்தேன். ஒரு வாரத்தில் இருவருக்கும் இடுப்பிலும் தொடையிலும் சிவப்புச் சிவப்பாகக் கொப்புளம்.

அப்போதுதான் பரணில் ஏறினேன். கையேடு ஐந்து மொழிகளில் இருந்தது. தமிழ் இல்லை. ஆனால் பிரெஞ்சு இருந்தது! நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். தமிழைப் பாட்டியிடமும் வாரப் பத்திரிகைகளிலும் கற்றேன். ஊரில் யாருக்கும் பயன்படாது என்று நினைத்திருந்த அந்தப் பள்ளிப் படிப்பு, எழுபது வயது தாண்டிக் கொட்டகையில் உட்கார்ந்து ஒரு தொட்டியின் விவகாரத்தைப் படிக்கப் பயன்பட்டது. பராமரிப்புக்குப் பிரெஞ்சில் ‘ஆந்த்ரெத்தியென்’ என்பார்கள். அதே சொல்லுக்கு உரையாடல் என்றும் பொருள். அந்தத் தலைப்பில் 22 பக்கம்! ஒரு கை பவுடர் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை.

படித்ததைச் சொல்கிறேன். பிரெஞ்சுக்காரர்கள் தண்ணீரின் கடினத்தன்மைக்கு ஒரு டிகிரி வைத்திருக்கிறார்கள். ஒரு பிரெஞ்சு டிகிரி என்றால் லிட்டருக்கு 10 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து. தொட்டிக்கு 15 முதல் 25 டிகிரி வரை இருக்கலாம் என்றது கையேடு. எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கக் கொடுத்தேன். 900 மில்லிகிராம், அதாவது 90 டிகிரி. குடிநீருக்கான இந்தியத் தர அளவே 200தான். வேறு வழியில்லாவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. எங்கள் தண்ணீர் அதையும் தாண்டியது.

வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக உப்பு படிவது நம் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். சர்க்கரை சூட்டில் நன்றாகக் கரையும். சுண்ணாம்புக்கு நேர் எதிர் குணம். சூடு ஏற ஏறத் தண்ணீரை விட்டுப் பிரிந்து, எது அதிகச் சூடோ அதன் மேலேயே ஒட்டும். தொட்டியில் அதிகச் சூடு ஹீட்டர் கம்பிதான். இதில் பிளீச்சிங் பவுடர் என்பது என்ன? அதுவே சுண்ணாம்பு சேர்ந்த சரக்கு. ஏற்கெனவே சுண்ணாம்பு நிறைந்த தண்ணீரில் கை கையாக அதையும் அள்ளிப் போட்டிருக்கிறேன். தொட்டிக்குப் போட வேண்டியது டைகுளோர் என்ற குருணை. அதையும் வாரம் இரண்டு மூன்று முறை, சோதனைப் பட்டையைத் தண்ணீரில் நனைத்துப் பார்த்து, அளந்து போட வேண்டும். வாடை மூக்கைத் துளைத்தால் குளோரின் நிறைய இருக்கிறது என்று அர்த்தமில்லை. நம் வியர்வையோடும் எண்ணெயோடும் சேர்ந்து வேலை செய்ய முடியாமல் போன குளோரின்தான் அப்படி நாறும். கொப்புளம் வந்த காரணம் இதுதான். வெதுவெதுப்பான தண்ணீரில் கிருமி கொண்டாட்டமாக வளரும்.

கொப்புளத்தோடு போனதே நல்ல காலம். 1999ல் நெதர்லாந்தில் பொவன்கார்ஸ்பெல் என்ற ஊரில் ஒரு மலர்க் கண்காட்சி நடந்தது. அங்கே காட்சிக்கு வைத்து ஓடவிட்டிருந்த ஒரு வெந்நீர்த் தொட்டியில் லீஜியோனெல்லா என்ற கிருமி வளர்ந்திருந்தது. தொட்டியில் யாரும் இறங்கவில்லை. பக்கத்தில் நடந்து போனவர்கள் அதன் ஆவித் துளிகளைச் சுவாசித்தார்கள். 30 பேருக்கு மேல் நுரையீரல் காய்ச்சலில் இறந்தார்கள். இந்தக் காய்ச்சல் முக்கியமாக வயதானவர்களைத்தான் பிடிக்கும். நம் வயதுக்காரர்களின் மூட்டு வலிக்கு என்று விற்கும் பொருளைப் பற்றி இதைச் சொல்லாமல் விற்பது என்ன நியாயம்?

தண்ணீரை மாற்றினேன். அந்த நாளை மறக்க முடியாது. குழாயைத் திறந்துவிட்டேன், 800 லிட்டரும் தெருச் சாக்கடையில் ஓடியது. எங்கள் தெருவில் குடிதண்ணீர் வரும் நாளை நாட்காட்டியில் குறித்துவைப்போம். அன்று அந்த நாள். குழாயடியில் குடங்கள் வரிசை. ஒரு பாட்டி எழுந்து வந்து, ஓடுகிற தண்ணீரைக் குனிந்து பார்த்துவிட்டு, “ஏ ஐயா, இது நல்ல தண்ணியா?” என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. நல்ல தண்ணீர் என்றால் ஒரு குடம் பிடித்துக்கொள்ளலாமே என்றுதான். இல்லை ஆத்தா, மருந்துத் தண்ணீர் என்றேன். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்து ஆனி ஆடிக் காற்று. எங்கள் ஊரைச் சுற்றி ஏன் இத்தனை காற்றாலை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ஒரு வாரம் இங்கே தங்கித் துணி காயப்போட்டால் தெரியும். அந்தக் காற்று தொட்டி மூடியை இரண்டு முறை பக்கத்து வீட்டுக்கு அனுப்பியது. புழுதி வடிகட்டியை அடைத்தது. தண்ணீர் ஓட்டம் குறைந்து, திரையில் ‘எஃப் எல் ஓ’ என்று மூன்று எழுத்து வந்து ஹீட்டர் நின்றது. மறுபடியும் தம்பி வந்தார். ஹீட்டரில் படிந்த சுண்ணாம்பைக் கரைக்க, கக்கூஸ் கழுவும் ஆசிட்டைக் கையில் எடுத்தார். பவுடர் கரைந்திருந்த தண்ணீர் தொட்டிக்குள் இன்னும் முழங்கால் அளவு நின்றது. நான் கையைப் பிடித்துவிட்டேன். பிளீச்சிங் பவுடரில் ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய கொட்டகையில் அது ஆளைக் கொல்லும். எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊற்றிச் சுற்றவிட்டால் போதும். அதுவும் பழைய தண்ணீரை முழுக்க வடித்து, அலசிய பிறகு. இது கையேட்டில் 14ஆம் பக்கத்தில் இருக்கிறது. தம்பிக்குப் பிரெஞ்சு தெரியாது, அவர் மேல் குற்றமில்லை. தமிழில் ஒரு தாள் அச்சடிக்காமல் அவரை வேலைக்கு அனுப்பியவர்கள் மேல்தான் குற்றம்.

ஆனால் அதற்கடுத்து நடந்ததை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஹீட்டரைப் போட்டால் இ.எல்.சி.பி. விழ ஆரம்பித்தது. கம்பியின் உறை அரித்து மின்சாரம் தண்ணீரில் கசிகிறது என்பதற்கு அது அடையாளம். வந்த இன்னொருவர் ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டார். எப்படி? “அந்த சுவிட்சுதான் சும்மா சும்மா விழுது அண்ணாச்சி. அதக் கழட்டிட்டு நேராக் குடுத்துட்டேன். இனி விழாது.”

விழாதுதான். விழப்போவது நாங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்ததும் அணைத்து உயிரைக் காப்பாற்றும் கருவி அது. இரண்டு கிழங்கள் கழுத்தளவு தண்ணீரில் உட்காரும் இடத்தில் அதைக் கழற்றி என் கையிலேயே கொடுத்துவிட்டு 500 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். அன்றைக்கே மெயினை அணைத்தேன். ஹீட்டர் மாற்றி, எர்த் குழி புதிதாகத் தோண்டி, அந்தக் கருவியைத் திரும்ப மாட்டும் வரை இரண்டு மாதம் தொட்டி காலியாகக் கிடந்தது.

“உமக்குப் புதுசு எதுவும் பிடிக்காதுவே” என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணாச்சி. பிடிக்காமல் என்ன? இந்தத் தொட்டியின் பிறப்பே ஒரு நல்ல கதை. ஜக்குஸி என்பது இத்தாலியிலிருந்து அமெரிக்கா போன ஒரு குடும்பத்தின் பெயர். விமானத்துக்குக் காற்றாடி செய்து, பிறகு கிணற்று ஜெட் பம்பு செய்தவர்கள். நம் பக்கம் தோட்டக் கிணறுகளில் ஓடிய ஜெட் பம்புக்கு அவர்கள் பம்பு ஒன்றுவிட்ட அண்ணன் முறை. அந்தச் சகோதரர்களில் ஒருவரான கேண்டிடோவின் பையனுக்குச் சின்ன வயதிலேயே மூட்டு வாதம். பையனுக்காகக் குளியல் தொட்டியில் வைக்கும் சிறு பம்பைச் செய்தார்கள். அது 1956ல் விற்பனைக்கு வந்தது. பிள்ளைக்கு வலி, வீட்டில் பம்பு மெக்கானிக். அங்கே பராமரிப்பு பற்றிப் பேச்சே வேண்டியதில்லை. நமக்கு வலி இருக்கிறது, பம்பு இருக்கிறது, மெக்கானிக் எங்கே?

இப்போது தொட்டி ஓடுகிறது. எப்படி என்று கேட்பவர்களுக்கு: ஐப்பசி கார்த்திகையில் மொட்டைமாடி மழைத் தண்ணீரைத் தொட்டி கட்டிப் பிடித்தேன். மழைத் தண்ணீரில் சுண்ணாம்பு கிட்டத்தட்டக் கிடையாது. அது மட்டும் இருந்தாலும் இரும்பை அரிக்கும். ஏழு பங்கு மழைக்கு இரண்டு பங்கு கிணறு சேர்த்தால் 900 என்பது 200 ஆகிறது, 20 பிரெஞ்சு டிகிரி. வாரம் இருமுறை சோதனை. வியாழக்கிழமை வடிகட்டி கழுவல். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றம். வடிக்கும் முன் மருந்து போடாமல் நாலு நாள் திறந்துவைத்துவிட்டு, குளோரின் போன பிறகு தென்னைக்கும் முருங்கைக்கும் விடுகிறேன். 800 லிட்டரைப் பத்து டிகிரி ஏற்ற ஒன்பது யூனிட்டுக்கு மேல் ஆகிறது. வாரம் இருமுறை என்றால் இரண்டு மாதத்தில் இலவச 100 யூனிட்டையும் இதுவே விழுங்கி ஏப்பம் விடுகிறது. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவன் என்பதால் கால் மணிக்கு மேல் உட்காருவதில்லை. சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். மனைவிக்குச் சர்க்கரையால் பாதம் மரத்திருக்கிறது. அதனால் சூட்டை என் கையால் பார்த்துத்தான் அவளை இறக்குகிறேன். எல்லாவற்றுக்கும் ஒரு பதிவேடு போட்டிருக்கிறேன். நீள நோட்டில் சிவப்பு மையில் கோடு போட்டு, பழைய பம்ப் ஹவுஸ் மாதிரியேதான்.

போன மாதம் விற்றவர் போன் செய்தார். கோவில்பட்டியில் ஒரு வீட்டில் வாங்க யோசிக்கிறார்களாம், நான் ஒரு வார்த்தை நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டுமாம். தாராளமாகச் சொல்கிறேன் என்றேன். அவர்கள் வீட்டுத் தண்ணீரைச் சோதித்தீர்களா, இ.எல்.சி.பி. மாட்டுவீர்களா, தமிழில் கையேடு கொடுப்பீர்களா, இந்த மூன்றுக்கும் பதில் சொல்லுங்கள், உடனே அந்த வீட்டுக்குப் பேசுகிறேன் என்றேன். கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன் சார் என்றார்.

இதுவரை கூப்பிடவில்லை.